6 கணினி, 36 பிள்ளைகள்: வாசகர் கேள்வி–பதில்

வன்னியின் இடைநிலை வகுப்புகளில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிப்பவர்களும் கற்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் 7 கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் கணினி அறையில் 14 கணினிகள் இருக்கின்றன. வேலை செய்பவை 6. தரம் 10இல் பாடத்தை எடுத்தவர்கள் 36 பேர். ஒவ்வொரு கணினியையும் சுற்றி ஆறு தலைகள். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று மவுஸைப் பிடித்தால் விடுவதில்லை. மற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எப்படி வகுப்பு நடத்துவது?
— ஆசிரியை, வட்டக்கச்சி

பதில்: 36 பேரையும் ஒரே நேரத்தில் திரைக்கு முன்னால் இருத்தும் முயற்சியை முதலில் விடுங்கள். அதிபரிடம் கேட்டு, வாரத்தில் இரண்டு பாடவேளைகளையாவது அடுத்தடுத்து வரும்படி நேரசூசியில் போடச் செய்யுங்கள். தனி 40 நிமிடத்தில், பழைய கணினி இயங்கத் தொடங்கவும் பிள்ளைகள் இருக்கையில் அமரவும் 10 நிமிடம் போய்விடும். சேர்ந்த 80 நிமிடம் என்றால் கணக்குச் சரியாக வரும்: தொடக்கத்தில் 5 நிமிடம் எல்லோருக்கும் விளக்கம், பிறகு 18 பேர் கணினியில், 18 பேர் மேசையில். 35 நிமிடத்தில் இடம் மாற்றம், இன்னொரு 35 நிமிடம், கடைசி 5 நிமிடம் கணினிகளை நிறுத்த.

18 பேர், 6 கணினி, ஒன்றுக்கு மூவர். மூவருக்கும் வேலை உண்டு. ஒருவர் விசைப்பலகையும் மவுஸும் பிடிப்பார், ஆனால் தானாக எதையும் செய்யமாட்டார். இரண்டாமவர் வாயால் வழி சொல்வார், கை நீட்டமாட்டார். மூன்றாமவர் செய்த படிகளையும் வந்த பிழைச் செய்தியையும் கொப்பியில் எழுதுவார். 11 நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்து மாற்றுங்கள். மூன்று முறை மாறினால் 33 நிமிடம், மீதி 2 நிமிடம் கோப்பைச் சேமிக்க. கெட்டிக்காரப் பிள்ளையை முதல் சுற்றில் வழி சொல்பவராகப் போடுங்கள். தனக்குத் தெரிந்ததை வார்த்தையாக்க வேண்டி வரும்போதுதான் அந்தப் பிள்ளைக்கும் பாடம் உறைக்கிறது.

நீங்களும் ஒரு விதியைக் கடைப்பிடிக்க வேண்டும். பிள்ளை பிழை விட்டால் மவுஸை வாங்கித் திருத்தாதீர்கள். “திரையில் என்ன எழுதியிருக்கிறது, வாசி” என்று கேளுங்கள். பாதிப் பிழைகள் வாசித்தவுடனே தீரும்.

மேசையில் இருக்கும் 18 பேரின் வேலை கணினி வேலையைவிடத் தாழ்ந்ததாக இருக்கக்கூடாது. துவித எண்ணுக்கு, பழைய கொப்பி மட்டைகளை வெட்டி 16, 8, 4, 2, 1 என்று எழுதிய ஐந்து அட்டைகள் போதும். ஐந்து பேர் வரிசையில் நிற்க, மற்றவர்கள் ஓர் எண்ணைச் சொல்ல, வேண்டிய அட்டைகள் மட்டும் முகம் காட்டும். முகம் காட்டினால் 1, திருப்பினால் 0. 26 என்றால் 16உம் 8உம் 2உம் முகம் காட்டும்: 11010. ஐந்து அட்டையும் திறந்தால் 31. “32ஐ எப்படிக் காட்டுவது?” என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். ஆறாவது அட்டையில் என்ன எழுதவேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இதில் ஆசிரியர் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இரண்டால் வகுத்து மீதி எழுதும் முறையைக் காட்டும்போது 21ஐ உதாரணமாக எடுக்காதீர்கள். அதன் துவித வடிவம் 10101. மேலிருந்து வாசித்தாலும் கீழிருந்து வாசித்தாலும் ஒன்றே. மீதிகளைத் தலைகீழாக வாசிக்கும் பிள்ளையும் சரியான விடையோடு போய், பரீட்சையில்தான் பிழைக்கும். 26ஐ எடுத்தால், தலைகீழாக வாசிப்பவருக்கு 01011, அதாவது 11 வரும். பிழை அப்போதே தெரிந்துவிடும்.

சேமிப்புக்கு ஓர் ஒழுங்கு வையுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் நிலையான கணினி, அதில் குழுவின் பெயரில் ஒரு கோப்புறை, கோப்பின் பெயரில் திகதி. கிழமைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் உங்களிடமுள்ள ஒரே பென் டிரைவில் நகலெடுங்கள். பிள்ளைகளின் பென் டிரைவ்களை அறைக்குள் விடாமல் இருப்பது நல்லது. கோப்புறைகள் மறைந்து, அவற்றின் இடத்தில் அதே பெயரில் குறுக்குவழிகள் மட்டும் நிற்கும் வைரஸ் இந்த வழியாகத்தான் பரவுகிறது. அப்படி நடந்தால் பென் டிரைவை அழித்து வடிவமைக்க அவசரப்படாதீர்கள். கோப்புகள் பெரும்பாலும் அங்கேயே மறைந்திருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை இயக்கி, அவற்றை வேறிடத்துக்கு எடுத்த பிறகு சுத்தம் செய்யுங்கள். குறுக்குவழியை மட்டும் இரட்டைச் சொடுக்குப் போடாதீர்கள்.

கேள்வி: பழுதென்று மூலையில் அடுக்கிய 8 கணினிகளில் சிலவற்றையாவது நாமே எழுப்பலாமா? திருத்துநரைக் கூப்பிட்டால் வவுனியாவிலிருந்து வரவேண்டும்.
— ஆசிரியர், முள்ளியவளை

பதில்: எழுப்பலாம். நம் மண்ணில் கணினி சாவதற்கு முதல் காரணம் புழுதி. சோளகக் காற்றுக் காலத்தில் ஜன்னல் திறந்திருந்த அறையின் பெட்டியைத் திறந்து பாருங்கள், விசிறியில் செம்மண் படிந்திருக்கும்.

மின்வயரைச் சுவரிலிருந்து கழற்றி, இயக்கும் பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடித்து மீதி மின்னை வெளியேற்றுங்கள். பெட்டியை வெளியே கொண்டுபோய் மூடியைத் திறவுங்கள். காய்ந்த மென்மையான பெயின்ற் பிரஷால் தட்டி, ஊதுகருவியால் ஊதுங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் சுழலவிட்டால் அதன் அச்சு கெடும். சைக்கிள் கடைக் காற்றுக் குழாயைப் பயன்படுத்தாதீர்கள். அதன் தாங்கியில் தண்ணீர் தேங்கியிருக்கும், காற்றோடு சேர்ந்து மதர்போட்டில் தெறிக்கும்.

அடுத்தது றாம் என்ற தற்காலிக நினைவகப் பலகை. இரு பக்கக் கொளுக்கிகளையும் தள்ளினால் கழன்று வரும். பொன்னிறப் பற்களை வெள்ளை அழிறப்பரால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்து, “டக்” என்று சத்தம் கேட்கும்வரை திரும்ப அழுத்துங்கள். விசிறி சுழல்கிறது, திரை மட்டும் கறுப்பு என்று ஒதுக்கிய கணினிகளில் இந்த ஒரு வேலையால் உயிர் வருபவை உண்டு. இரண்டு றாம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு காலையும் திகதி பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறதா? மதர்போட்டிலுள்ள காசு அளவான பற்றரி தீர்ந்துவிட்டது. சி.ஆர். 2032 என்று கேட்டு வாங்குங்கள், 3 வோல்ற். இதை அற்பம் என்று விடவேண்டாம். திகதி பிழைத்தால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ தெரிந்து, தளம் திறக்காது. இணைப்புப் பழுது என்று றூட்டரை மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

இயங்குகிறது, ஆனால் திறக்க ஐந்து நிமிடம் என்றால், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. ஒன்றை, 240 கிகாபைற் அளவில், பூட்டுங்கள். பழைய கணினிக்குச் செய்யும் செலவில் இதற்கு நிகர் வேறில்லை. றாமை 4 கிகாபைற்றாக்குவது அடுத்த வேலை. றாமின் வகைகளான டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 இரண்டும் ஒன்றின் இடத்தில் ஒன்று பொருந்தா, வெட்டின் இடம் வேறு. கழற்றியதைக் கையில் கொண்டுபோய் வாங்குங்கள்.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பழைய கணினிகளை ஏற்காது. ஆகவே லினக்ஸ் மின்ற் என்ற இலவச இயக்க முறைமையின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பைப் போடுங்கள். லிப்ரே ஒபிஸ் என்ற அலுவலக மென்பொருள் தொகுதி அதோடு வருகிறது. சொல் முறைவழிப்படுத்தலும் விரிதாளும் முன்வைப்பும் கற்பிக்க அது தாராளம். பொத்தான்களின் இடம் சற்று மாறும் என்பதை மட்டும் பிள்ளைகளுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

எட்டில் எழும்பாதவை மிஞ்சினால் அவற்றை உதிரிப்பாகமாக்குங்கள். ஆனால் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கவேண்டாம். வயரைக் கழற்றிய பிறகும் அதன் கொள்ளளவிகளில் ஆபத்தான மின்னேற்றம் நிற்கும். பின்பக்கம் பெருத்த பழைய மொனிற்றர்களும் அப்படியே.

கேள்வி: பாய்ச்சற் கோட்டுப்படங்களை மனப்பாடம் செய்கிறேன். புதிய கேள்வி வந்தால் கை ஓடுவதில்லை.
— தரம் 11 மாணவி, நெடுங்கேணி

பதில்: மகள், மனப்பாடம் செய்தால் படத்தின் உருவம்தான் நினைவில் நிற்கும். நீர் எழுதவேண்டியது ஒரு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை. உமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கும். மாரியில் குளத்து வான்கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது? பயிற்சிக்காக, நீர்மட்டம் 35 அடிக்கு மேலே போனால் திறப்பது, 34 அடிக்குக் கீழே வந்தால் மூடுவது என்று வைத்துக்கொள்வோம்.

படம் வரையமுதல் வாக்கியமாக எழுதும். நீர்மட்டத்தை அள. 35க்கு மேலா? ஆம் என்றால் கதவைத் திற. இல்லையென்றால், 34க்குக் கீழா? ஆம் என்றால் மூடு. அதுவும் இல்லையென்றால் ஒன்றும் செய்யாதே. ஒரு மணி நேரம் பொறு. மழை ஓய்ந்துவிட்டதா? இல்லையென்றால் மீண்டும் அள. ஆம் என்றால் முடி. இப்போது கேள்விக்குறி வந்த மூன்று இடமும் சாய்சதுரம். அளப்பது உள்ளீடு, ஆகவே இணைகரம். திறப்பதும் மூடுவதும் பொறுப்பதும் செவ்வகம். தொடக்கமும் முடிவும் நீள்வட்டம். படம் தானாக வந்துவிடும்.

இனிப் பிழை விடும் இடங்கள். முதலாவது, திரும்பும் அம்பு எங்கே போகிறது என்பது. அதை “அள” என்ற பெட்டிக்குக் கொண்டுபோகாமல் “35க்கு மேலா?” என்ற கேள்விக்குக் கொண்டுபோனால், காலையில் அளந்த அதே எண்ணை வைத்து மாலைவரை கேட்டுக்கொண்டிருக்கும். குளம் வற்றினாலும் கதவு திறந்தே கிடக்கும். செய்நிரலில் மடக்கு முடிவில்லாமல் சுற்றுவதற்கு இதுவே வழக்கமான காரணம்: நிபந்தனையில் உள்ள மாறியை மடக்குக்குள் யாரும் மாற்றுவதில்லை.

இரண்டாவது, எல்லைப் பெறுமானம். சரியாக 35 அடி என்றால்? “மேல்” என்று எழுதினால் கதவு திறக்காது. “35 அல்லது அதற்கு மேல்” என்றால் திறக்கும். கேள்வியில் எந்தச் சொல் இருக்கிறது என்று அடிக்கோடிடும். முடித்ததும் 33.9, 34, 34.5, 35, 35.1 ஆகிய ஐந்து எண்களையும் ஒவ்வொன்றாக உமது படத்துக்குள் அனுப்பிப் பாரும். நாம் மேலே எழுதியபடி முதலாவதுக்கு மூடவேண்டும், கடைசிக்குத் திறக்கவேண்டும், இடையில் உள்ள மூன்றுக்கும் ஒன்றும் நடக்கக்கூடாது.

இரண்டு எல்லை ஏன் என்று கேட்பீர். 35 என்ற ஒன்றை மட்டும் வைத்தால், அலையடித்து மட்டம் ஓர் அங்குலம் ஏறி இறங்கும்போதெல்லாம் கதவு திறந்து மூடும். வெப்பநிலையைப் பார்த்து இயங்கும் குளிர்சாதனப் பெட்டியிலும் இதே காரணத்துக்காக இரண்டு எல்லை உண்டு.

இப்படி உமது ஊரிலிருந்து ஐந்து முடிவுகளை எடுத்து எழுதும். பஸ் வராவிட்டால் என்ன செய்வது, நெல்லின் ஈரப்பதன் கூடினால் என்ன செய்வது. பிறகு பழைய வினாத்தாளுக்குப் போம்.

கேள்வி: நான் தட்டச்சு செய்த தவணைப் பரீட்சை வினாத்தாளை வேறு கணினியில் திறந்தால் முழுவதும் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. சில இடங்களில் சொற்களும் மாறிக் கிடக்கின்றன. வைரஸா?
— ஆசிரியர், மல்லாவி

பதில்: வைரஸ் இல்லை, பாமினி எழுத்துரு. பாமினியில் நீங்கள் “தமிழ்” என்று அடிக்கும்போது கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுவது எழுத்துரு. அது இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடுகிறது.

சொல் மாறுவதற்கும் இதுவே அடி. வேர்ட் மென்பொருள் இதை ஆங்கில வாக்கியம் என்று எண்ணி முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்குகிறது. பாமினியில் சின்ன ஜே என்றால் த, பெரிய ஜே என்றால் து. “தமிழ்” “துமிழ்” ஆகிறது. தானியங்கித் திருத்தத்தில், வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் தெரிவை நிறுத்துங்கள்.

அவசரத்துக்கு, வினாத்தாளை பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கள். எழுத்துரு உள்ளே பதிந்து போகும். நிலையான வழி, தமிழுக்கென்றே தனிக் குறிகள் கொண்ட யுனிகோட் மட்டுமே. தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸ் 10இன் பிந்திய பதிப்புகளிலேயே இருக்கின்றன. பாமினியில் பழகிய விரல்களுக்கு ரெங்கநாதன் விசைப்பலகை நெருக்கம், அதைத் தனியாக நிறுவவேண்டும். எழுத்துருவுக்கு நிர்மலா அல்லது நோட்டோ.

பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோட் ஆக்கும்போது இரண்டு இடம் கெடும். ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து மாறி அர்த்தமில்லாத தமிழாகும். கால்புள்ளி இருந்த இடங்களில் “இ” வந்து நிற்கும், ஏனென்றால் பாமினியில் கால்புள்ளி விசைக்கு உரிய எழுத்து இ. ஆகவே ஆங்கிலப் பகுதிகளை முன்பே பிரித்து வையுங்கள். மாற்றிய பிறகு, தனியாகவோ சொல்லின் வாலிலோ நிற்கும் “இ”களைத் தேடிப் பாருங்கள்.

உயர்தர மாணவர்களுக்கு இதையே பாடமாக்கலாம். பைதன் என்ற செய்நிரல் மொழியில் லென் சார்பிடம் “தமிழ்” என்ற சரத்தின் நீளத்தைக் கேட்டால் 5 என்று சொல்லும். கண்ணுக்கு 3 எழுத்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யுனிகோட் ஐந்தாக எண்ணுகிறது. யுனிகோட்டைக் கோப்பில் பதியும் முறையான யு.டி.எஃப். 8இல் ஒவ்வொன்றும் 3 பைற், மொத்தம் 15. ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து, தமிழில் 70 என்பதன் காரணமும் குறிமுறையில்தான் இருக்கிறது. தம் மொழியின் எழுத்து இயந்திரத்துக்குள் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் பிள்ளை குறிமுறைப் பாடத்தை மறப்பதில்லை.

கேள்வி: விரிதாளில் நெல் மூட்டைகளின் எண்ணிக்கையை எஃப்1 கலத்தில் உள்ள விலையால் பெருக்கும் சூத்திரத்தைக் கீழே இழுத்தால், முதல் நிரைக்குச் சரி, மற்றவை பூச்சியம்.
— மாணவன், துணுக்காய்

பதில்: விலையை ஒரே கலத்தில், எஃப்1இல் வைத்திருக்கிறீர். சூத்திரத்தை ஒரு நிரை கீழே இழுத்ததும் எஃப்1 என்பது எஃப்2 ஆகிறது. அந்தக் கலம் வெறுமை, பெருக்கினால் பூச்சியம். =சி2*$எஃப்$1 என்று எழுதும். டொலர்க் குறி அதன் பின்னால் வருவதை அசையவிடாது. கர்சரை எஃப்1 மேல் வைத்து எஃப்4 விசையை அழுத்தினாலும் குறி வரும். மூட்டைகள் உள்ள சி2க்குக் குறி போடவேண்டாம், அது நிரைக்கு நிரை மாறவேண்டும்.

கேள்வி: வீட்டில் ஒரு கைபேசி மட்டும். கணினி வாங்க வசதியில்லை. மகன் தரம் 10இல் இந்தப் பாடத்தை எடுக்கலாமா?
— தாய், மாங்குளம்

பதில்: எடுக்கலாம், அம்மா. சாதாரண தரத்தில் எழுத்துத் தேர்வுதான். பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து இலவசமாகத் தரவிறக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலும் பாடங்கள் உள்ளன. டேற்றாவை மிச்சம் பிடிக்க ஒருமுறை இறக்கி வைத்து இணைப்பை நிறுத்திப் படிக்கட்டும்.

அன்ரொயிட் கைபேசியில் பைட்ரொயிட் 3 என்ற செயலி இணையமில்லாமலே பைதன் ஓடவிடும். கூகிள் சீற்ஸில் விரிதாள் பழகலாம். கைபேசியில் வராதவை இரண்டு: கோப்புறை ஒழுங்கும் பத்து விரல் தட்டச்சும். ஓ.டி.ஜி. என்று கேட்டால் கிடைக்கும் சின்ன இணைப்பியால், பழைய யூ.எஸ்.பி. விசைப்பலகை ஒன்றைப் பெரும்பாலான கைபேசிகளில் பொருத்தலாம். அதுவும் இல்லையென்றால் மட்டையில் விசைப்பலகை வரைந்து பழகட்டும். ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். சிறிதாக வரைந்தால் விரல் பிழையான தூரத்தைப் பழகிவிடும். எஃப், ஜே இரண்டிலும் சோற்றுப் பருக்கை அளவு பசை வைத்துக் காயவிடுங்கள். உண்மையான விசைப்பலகையில் சுட்டுவிரல்கள் தடவித் தேடும் மேடு அங்கேதான் இருக்கிறது.

கைபேசியில் யாராவது அந்நியர் படம் கேட்டோ மிரட்டியோ செய்தி அனுப்பினால், அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு உங்களிடம் சொல்லும்படி மகனிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள். சிறுவர்களுக்கான உதவி இலக்கம் 1929.

கேள்வி: மார்கழி விடுமுறைக்கு யூ.பி.எஸ்.களைச் சுவரிலிருந்து கழற்றி வைத்தோம். தையில் வந்து பார்த்தால் எல்லாப் பற்றரியும் செத்துவிட்டது. கழற்றாமல் விட்டால் மின்னல் பயம்.
— அதிபர், ஒட்டுசுட்டான்

பதில்: கழற்றியது சரி. அதற்கு முன் யூ.பி.எஸ்.ஸின் சொந்தப் பொத்தானை நிறுத்தவேண்டும். நிறுத்தாமல் பிளக்கை இழுத்தால், கரண்ட் போய்விட்டது என்று அது பற்றரியில் ஓடத் தொடங்கும். அடிமட்டம்வரை வற்றிய ஈய அமிலப் பற்றரி வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் உள்ளே ஈய சல்பேற்றுப் படிவு இறுகும். பிறகு மின்னேறாது. முழுதாக ஏற்றி, பொத்தானை நிறுத்தி, அதன் பிறகு கழற்றுங்கள். நீண்ட விடுமுறையில் மாதம் ஒருமுறை ஒருவர் வந்து 8 மணி நேரம் ஏற்றினால் போதும். புதிதாகப் போடுவதென்றால் பெரும்பாலானவற்றுக்கு 12 வோல்ற், 7 அம்பியர் மணிப் பற்றரி. பழையதன் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். லேசர் அச்சுப்பொறியை யூ.பி.எஸ்.ஸில் செருகவிடாதீர்கள். மையைச் சூடாக்கும்போது அது இழுக்கும் மின்னோட்டத்தை யூ.பி.எஸ். தாங்காது.

மின்னலுக்குச் சுவிட்சை நிறுத்துவது போதாது. அதன் இடைவெளி சில மில்லிமீற்றர்தான், மின்னல் தாண்டிவிடும். பிளக்கைக் கழற்றவேண்டும். றூட்டருக்கு வரும் தொலைபேசி வயரையும் வெளி அன்ரெனா வயரையும் கணினிகளுக்கு ஓடும் வலையமைப்பு வயரையும் கூடக் கழற்றவேண்டும். மின் வயரைக் கழற்றிவிட்டு இவற்றை விட்டதால்தான் பல இடங்களில் றூட்டரோடு சேர்ந்து மதர்போட்டும் போகிறது. பங்குனி–சித்திரையிலும் ஐப்பசி–கார்த்திகையிலும் பிற்பகலில் இடி வழக்கம். அந்த மாதங்களில் பாடசாலை விடும்போதே கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு வயரில் யாரும் கை வைக்கக்கூடாது, பிள்ளைகள் அறவே கூடாது.

எர்த் கம்பியையும் ஒருமுறை பாருங்கள். மிகையழுத்தத் தடுப்புப் பலகை எவ்வளவு நல்லதானாலும், வந்த மின்னை மண்ணுக்குள் அனுப்ப எர்த் இல்லையென்றால் அதனால் பெரிதாகப் பயன் இல்லை. கோடையில் நம் நிலம் காய்ந்து வெடிக்கும்போது எர்த் தடை ஏறிவிடும். ஆவணியில் ஒரு மின்னியலாளரைக் கொண்டு அளப்பித்து, அதிகமாக இருந்தால் இன்னொரு கம்பியை ஆழமாக அடித்து இணைக்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியதும் விழவேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள், மாற்றும்வரை கணினி அறையைத் திறக்கவேண்டாம்.